தலைக்கு மேலே ஒரு சூறைக்குருவி

ஐந்து நாட்களாக வெய்யோ தலையைக் குனிந்தே நடந்துகொண்டிருந்தார். ஹோட்டல் வாசலிலிருந்து கடற்கரை வரை எத்தனை கல் பாவியிருக்கிறது, எந்தக் கல் மிதித்தால் ஆடும், எதன் இடுக்கில் ஐஸ்கிரீம் குச்சி செருகிக் கிடக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. மே மாதக் கடைசியில் லெஸ்வோஸ் தீவுக்கு வருகிற யாரும் இப்படி நடப்பதில்லை. வருகிறவர்களில் பாதிப்பேர் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொள்கிறவர்கள். போன வருஷம் வரை வெய்யோவும் அப்படி மோதியவர்தான்.

இது அவருடைய நாற்பதாவது திருமண நாள் பயணம். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்னால் சொந்த ஊரான கயானியில், வீட்டுச் சமையலறை மேசையில், மனைவி ஹில்க்கா பழைய ஆல்பங்களை விரித்துவைத்தாள்.

"இதுல நான் எங்க நிக்கிறேன்?"

"போலந்து."

"போலந்துல எங்க?"

வெய்யோ நெடுநேரம் படத்தைப் பார்த்தார். "கழிவுநீர்த் தொட்டி."

"இது?"

"ஹங்கேரி. குப்பைக் கிடங்கு. ஆனா அன்னிக்கு வந்து..."

"அன்னிக்கு என்ன பறவைன்னு நான் கேக்கல."

அவள் நாற்பது வருஷப் படங்களையும் புரட்டிக் காட்டினாள். உப்பளம், சேற்றுக் குளம், பன்றிப் பண்ணையின் பின்பக்கம். எல்லாவற்றிலும் ஹில்க்கா ஒரே மழைக்கோட்டில் நின்றிருந்தாள். பாதிப் படங்களில் தலை இல்லை. அவளுக்குப் பின்னால் எதுவோ பறந்திருக்க வேண்டும், வெய்யோவின் கை அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும்.

"ஒரே ஒரு வாரம்" என்றாள். "ரூம் பால்கனில உக்காந்து நீ எதை வேணா பாரு. வாசலைத் தாண்டிட்டா கண்ணு மேல போகக் கூடாது. வாக்குக் குடு."

"போச்சுன்னா?"

"ஒண்ணும் ஆகாது. நான் கத்த மாட்டேன். அடுத்த லீவுலேர்ந்து நான் என் தங்கச்சிகூடப் போயிடுவேன். நீ உன் கழிவுநீர்த் தொட்டிகூடப் போ."

ஹில்க்கா விளையாட்டுக்குப் பேசுகிறவள் இல்லை. நாற்பது வருஷத்தில் இந்தக் குரலில் மூன்று விஷயங்கள் சொல்லியிருக்கிறாள், மூன்றையும் செய்திருக்கிறாள். அதில் ஒன்றினால்தான் அவர்கள் வீட்டு நீராவிக் குளியலறை நீல நிறத்தில் இருக்கிறது. வெய்யோ வாக்குக் கொடுத்தார்.

பால்கனி மூன்றாவது மாடியில் இருந்தது. அதற்கு மேல் கூரைதான். ஒரு நாற்காலிக்குத்தான் இடம். ஓட்டுக்கூரை ஒன்றரை முழம் வெளியே நீண்டிருந்ததால் அங்கிருந்து வானம் தெரியாது. எதிர்வரிசைக் கட்டடங்களின் இடைவெளியில் தூரத்து உப்பளம் ஒரு கீற்றாகத் தெரியும். அந்தக் கீற்றுக்குள் ஐந்து நாட்களில் பதினேழு வகைப் பறவைகள் வந்துபோயின. வெய்யோ அவற்றை நோட்டில் எழுதிக்கொண்டார்.

பறவை பார்க்கிறவர்களுக்கு எழுதிக்கொள்வதுதான் எல்லாம். கயானிச் சங்கத்தில் யாரும் பறவை என்று சொல்வதில்லை, புள்ளி என்பார்கள். ஆயுளில் முதன்முறையாகப் பார்த்தால் ஆயுள் புள்ளி. பால்கனியில் இருந்தபடி பார்த்தால் பால்கனிப் புள்ளி. குளியலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் அதற்கு ஒரு புள்ளி. அந்தப் பட்டியலில் வெய்யோ மாவட்டத்திலேயே இரண்டாவது. சாட்சி யாரும் கேட்பதில்லை. பார்த்தேன் என்று ஒருவர் சொன்னால் பார்த்ததுதான். அதனாலேயே, முப்பது வருஷத்துக்கு முன்னால் பார்க்காத ஆந்தையைப் பார்த்ததாகச் சொன்ன ஒருவருக்கு இன்றுவரை சங்கத்தில் யாரும் காபி ஊற்றுவதில்லை.

வெய்யோவுக்கு அறுநூற்றுப் பன்னிரண்டு ஆயுள் புள்ளிகள். அதில் சூறைக்குருவி இல்லை.

ரோஜா நிற உடம்பு, கறுத்த தலை, கறுத்த சிறகு, தலையில் வாரிவிடாத கொண்டை. வெட்டுக்கிளி பெருகுகிற வருஷங்களில் ஆயிரக்கணக்கில் கூட்டமாக வந்து இறங்குகிற பறவை. அபூர்வம் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. பல்கேரியாவில் நாலாயிரம் பறவைகள் தலைக்கு மேல் போனபோது வெய்யோ ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். ருமேனியாவில் காய்ச்சல். கயானியிலேயே ஒரு தடவை, அவருடைய ஓய்வுபெறும் விழாவன்று, அவர் வீட்டுக் குப்பைக்குழியில் ஒன்று முக்கால் மணிநேரம் மேய்ந்துவிட்டுப் போனது. பக்கத்து வீட்டுப் பென்த்தி அதை உட்கார்ந்து பார்த்தார். பென்த்தி சங்கத்தின் செயலாளர். சூறைக்குருவியைப் பதினோரு தடவை பார்த்தவர். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் பதினொன்றையும் வரிசையாகச் சொல்வார்.

அந்தப் பென்த்தியும் சங்கத்து ஆட்கள் ஆறு பேரும் இப்போது இதே தீவில், ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் இருந்தார்கள். தற்செயல் என்றார் பென்த்தி. ஹில்க்கா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் காலை, ஹில்க்கா எதிரே இருந்த காபிக் கடையில் குறுக்கெழுத்துப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். வெய்யோ பால்கனியில் இருந்தார். ஒரு கார் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய ஆள் நிமிர்ந்து பார்த்தான், ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டான், முக்காலியை விரித்து அதில் தொலைநோக்கியைப் பொருத்தினான், நேராக வெய்யோவைக் குறிவைத்தான்.

வெய்யோ சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்தார்.

பத்து நிமிஷத்தில் இன்னும் நாலு கார்கள் வந்தன. அரைமணி நேரத்தில் தெருவில் நாற்பது பேர், இருபத்தாறு தொலைநோக்கிகள். எல்லாம் அவரை நோக்கியிருந்தன. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாழ்நாள் முழுக்க மற்றவற்றைப் பார்த்தே பழகிய வெய்யோவுக்குத் தன்னைப் பார்க்கிறார்கள் என்பது விநோதமாக இருந்தது. ஒருவேளை தான் இறந்துவிட்டோமோ, இவர்களுக்கு மட்டும் தெரிகிறதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. மரியாதைக்குக் கையை அசைத்தார்.

"அசையாதீங்க!" என்று நாற்பது பேரும் அடிக்குரலில் கத்தினார்கள்.

அப்போதுதான் பென்த்தி மூச்சிரைக்க ஓடிவந்தார். மேலே பார்த்தார். பிறகு வெய்யோவைப் பார்த்தார். அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

"என்னடா இருக்கு?" என்றார் வெய்யோ.

பென்த்தி மறுபடி மேலே பார்த்தார்.

"பென்த்தி. என் தலைக்கு மேல என்ன இருக்கு?"

"நீ மனசைத் திடப்படுத்திக்கோ" என்றார் பென்த்தி. "சூறைக்குருவி. ஆண். கூரை ஓரத்துல, உன் தலைக்கு நேர் மேல. ஒரு கை நீட்டினா தொட்டுடலாம்."

அப்போது மேலேயிருந்து கரகரவென்று ஒரு பேச்சு கேட்டது, பழைய கதவை யாரோ மெல்லத் திறப்பதுபோல. முப்பத்தொரு வருஷமாக ஒலிநாடாவில் மட்டும் கேட்ட குரல். கூடவே அவர் நோட்டின் மேல் வெள்ளையாக ஒரு சொட்டு விழுந்தது.

"எச்சத்துக்குப் புள்ளி உண்டா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"கிடையாது" என்றார் பென்த்தி வருத்தத்தோடு.

வெய்யோ நாற்காலியைத் தள்ளினார். கம்பியில் முதுகைச் சாய்த்து, உடம்பைப் பின்பக்கமாக வெளியே வளைத்து, தலையை மேலே திருப்பப் பார்த்தார். ஓட்டின் அடிப்பக்கம் தெரிந்தது. குளவிக்கூடு ஒன்று தெரிந்தது. இன்னும் ஒரு சாண் வளைந்தார். கழுத்தில் ஏதோ சொடுக்கென்றது.

"ஐயா" என்று ஒரு டச்சுக்காரர் கூப்பிட்டார். "தயவுசெஞ்சு உள்ள போறீங்களா? நீங்க ஆடறப்பெல்லாம் அது பதறுது."

"இது என் பால்கனி."

"இருக்கட்டும். அது எங்க பறவை."

"கீழ வாடா வெய்யோ!" என்றார் பென்த்தி. "மூணு மாடி. ஒரு நிமிஷம். என் தொலைநோக்கில பாரு."

"முடியாது."

"ஏன்?"

வெய்யோ எதிரே காபிக் கடையைப் பார்த்தார். பென்த்தி பார்த்தார். பிறகு தெருவே திரும்பிப் பார்த்தது. இருபத்தாறு தொலைநோக்கிகளில் இரண்டு மூன்றும் திரும்பின. ஹில்க்கா பென்சிலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை ஏன் பாக்கறீங்க?" என்றாள் தலை நிமிராமல். "நான் ஒண்ணும் சொல்லலையே."

அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றால் என்ன அர்த்தம் என்பது வெய்யோவுக்குத் தெரியும். படியிறங்கினால் சூறைக்குருவி. படியிறங்கினால் ஆல்பத்தில் இன்னொரு பக்கம், அதற்குப் பிறகு ஆல்பமே இல்லை. ஒரு மனிதன் எவ்வளவு நேரம் இரண்டு விஷயங்களுக்கு நடுவில் நிற்க முடியுமோ அவ்வளவு நேரம் நின்றார். அவருடைய ஊரில் அது நீண்ட நேரம்.

முதலில் பொறுமை இழந்தவர் சலூன்காரர் ஸ்ட்ராதிஸ். காபிக் கடைக்குப் பக்கத்து வாசல் அவருடையது. பாதி முகம் சோப்பு நுரையோடு ஒரு வாடிக்கையாளர் பின்னால் நிற்க, அவர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"எங்க மாமா மூணு வருஷம் ஜெயில்ல இருந்தாரு. அவருகூட இவ்வளவு சோகமா நிக்கல. வெய்யோ ஐயா, பறவையைப் பாக்கணும், அவ்வளவுதானே? இருங்க."

உள்ளே போனார். சுவரில் மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி, நுரைமுகக்காரரை ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லி, தெரு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கொஞ்சம் சாய்ச்சாப் போதும். அவரு கண்ணாடியைப் பாக்கட்டும், கண்ணாடி பறவையைப் பாக்கட்டும்."

தெருவில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது.

"கண்ணாடில பாத்தா புள்ளி கிடையாது" என்றார் டச்சுக்காரர். "பறவை வேற, பிம்பம் வேற."

"உங்க தொலைநோக்கிக்குள்ள என்ன இருக்கு?" என்றார் பென்த்தி.

"லென்ஸ்."

"பட்டகமும் இருக்குல்ல? வெளிச்சம் அதுல முட்டி முட்டித் திரும்பித்தானே உங்க கண்ணுக்கு வருது? அப்போ நீங்க இத்தனை வருஷமாப் பாத்ததெல்லாம் என்ன?"

டச்சுக்காரர் தன் தொலைநோக்கியை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஓரமாக நின்றிருந்த ஒரு வயதான ஆங்கிலேயர் தொண்டையைக் கனைத்தார். "எண்பத்தேழுல நான் கார் ஓட்டிட்டுப் போறப்போ பக்கவாட்டுக் கண்ணாடில ஒரு பனங்காடை பாத்தேன். புள்ளி போட்டுக்கிட்டேன். அதுலேர்ந்து சரியாத் தூக்கமில்ல." யாரும் அவரைக் கண்டிக்கவில்லை. இரண்டு பேர் நகர்ந்து அவருக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள்.

விவாதம் சூடுபிடித்தது. குளத்துத் தண்ணீரில் தெரிந்த கொக்குக்குப் புள்ளி உண்டா? மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் கதி என்ன? சுளுக்கிய கழுத்தைப் பிடித்துக்கொண்டு வெய்யோ மேலேயிருந்து எல்லாவற்றையும் கேட்டார். அவர் வாழ்க்கையைப் பற்றிய வழக்கு அவர் இல்லாமலே நடந்துகொண்டிருந்தது.

"நீங்க பேசிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு ஸ்ட்ராதிஸ் கண்ணாடியைச் சாய்த்தார்.

காலை வெயில் அதில் பட்டு, ஒரு பெரிய வெள்ளைச் சதுரமாகக் கூரையில் பாய்ந்தது. கரகரப்பு சட்டென்று நின்றது. நாற்பது தலைகள் ஒன்றாகத் திரும்பின.

"பின்பக்கம் போயிடுச்சு! பின் சந்து!"

முக்காலிகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூட்டம் ஓடியது. நுரைமுகக்காரரும் ஓடினார். தெருவில் ஸ்ட்ராதிஸும் கண்ணாடியும் மிஞ்சினார்கள். ஸ்ட்ராதிஸ் யாரையும் பார்க்காமல், அதைக் காபிக் கடையின் வெளி மேசைமேல் மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தெரு அமைதியானது. வெய்யோ மேலே, ஹில்க்கா கீழே. இருவருக்கும் நடுவில் ஒரு துணிக்கொடி.

"எவ்வளவு நேரமா நிக்கிற" என்றாள் ஹில்க்கா.

"தெரியல."

"போ. போய்ப் பாரு."

"வாக்கு?"

"எனக்குக் குடுத்தது தானே. இன்னிக்கு ஒரு நாள் அதை நான் மடிச்சு வச்சுக்கறேன். இறங்கு."

வெய்யோ கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அந்த நிமிஷத்தில் அவர் அவளுக்கு நன்றி சொல்லியிருக்கலாம். நாற்பது வருஷத்தில் சேர்ந்த ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். அவர் சொன்னது இது:

"அது மறுபடி முன்பக்கம் வந்துட்டா? நீ மேல வந்து பால்கனில நில்லு. வந்தா ஒரு குரல் குடு."

ஹில்க்கா அவரைச் சற்றுநேரம் பார்த்தாள். பிறகு புத்தகத்தை மூடி எழுந்தாள். வெய்யோ படியில் இறங்கும்போது அவள் லிஃப்டில் ஏறிக்கொண்டிருந்தாள்.

பின் சந்தில் நாற்பது பேரும் ஒரு வெற்றுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இப்பதான்" என்றார் ஆங்கிலேயர், வெய்யோவின் கையைப் பிடித்துக்கொண்டு. "இப்பதான் முன்னாடி போச்சு." வெய்யோ திரும்ப ஓடினார். அறுபத்தெட்டு வயதில் இப்படி ஓடுவது மடித்து வைத்த வாக்கையும் மீறியது ஆகாதா என்று ஓடும்போதே யோசித்தார். முன் தெருவுக்கு வந்தபோது மேலேயிருந்து ஹில்க்காவின் குரல் கேட்டது. அவள் கத்தவில்லை. பக்கத்தில் குழந்தை தூங்கும்போது பேசுவதுபோலப் பேசினாள்.

"வெய்யோ. இங்க இருக்கு. கம்பி மேல."

வெய்யோ தலையைத் தூக்கினார். தலை வரவில்லை.

கழுத்து பூட்டிக்கொண்டுவிட்டது. ஐந்து நாள் குனிந்ததும், காலையில் வளைந்ததும் சேர்ந்து அதைத் தரைப்பக்கமாகவே நிறுத்திவிட்டன. மோவாயைக் கையால் தள்ளிப் பார்த்தார், பளீரென்று வலித்தது. பின்னால் வந்த பென்த்தி நிலைமையைப் புரிந்துகொண்டார்.

"படு! தரையில மல்லாக்கப் படுடா!"

படுப்பதற்காக மேசையைப் பிடித்தார் வெய்யோ. மேசையில் ஸ்ட்ராதிஸின் கண்ணாடி கிடந்தது. குனிந்த கண்ணுக்கு நேர் கீழே, நீல வானத்தின் நடுவில் மூன்றாவது மாடிப் பால்கனி இருந்தது. கம்பிமேல் அது உட்கார்ந்திருந்தது. ரோஜா நிற உடம்பு, கறுத்த தலை, கலைந்த கொண்டை. ஒரு கை தூரத்தில் ஹில்க்கா. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. பறவை தலையைச் சாய்த்தது. ஹில்க்காவும் தலையைச் சாய்த்தாள். அவள் முகத்தில் இருந்ததை வெய்யோ இதற்குமுன் பார்த்ததில்லை. அல்லது பார்க்க வேண்டிய நேரங்களில் எல்லாம் அவர் கண் வேறு பக்கம் இருந்திருக்கிறது.

அவர் முழங்காலிட்டு, பக்கவாட்டில் சரிந்து, பென்த்தி தோளைத் தாங்க, ஒருவழியாக மல்லாந்தார். மேலே துணிக்கொடி இருந்தது. வானம் இருந்தது. பால்கனிக் கம்பிக்கு மேல் ஹில்க்காவின் தலை மட்டும் இருந்தது.

"போயிடுச்சு" என்றாள்.

மாலை ஆறு மணிக்குக் காபிக் கடையில் கயானிக்காரர்கள் கூடினார்கள். அன்றைய பட்டியலைச் செயலாளர் உரக்கப் படிப்பார். பார்த்தவர்கள் கை தூக்குவார்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் இது நடக்கும். ஹில்க்கா வழக்கமாக அந்த நேரத்தில் தலைவலி என்று அறையில் இருந்துவிடுவாள். இன்று வந்து உட்கார்ந்தாள். வெய்யோவின் கழுத்தில் அவளுடைய கம்பளிச் சால்வை சுற்றியிருந்தது.

"சூறைக்குருவி" என்று படித்தார் பென்த்தி.

எல்லாக் கைகளும் எழுந்தன, ஒன்றைத் தவிர. பென்த்தி பேனாவை மேசையில் வைத்தார்.

"வெய்யோ. பாத்தியா இல்லையா?"

"பாத்தேன். கண்ணாடில."

"போட்டுக்கோடா. யாரு கேக்கப் போறா? முப்பத்தொரு வருஷம்."

வெய்யோ மேசை விரிப்பின் கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறெங்கும் பார்க்க அவரால் முடியாது. "இல்ல" என்றார். "அது கண்ணாடிதான்."

"எனக்கு ஒண்ணு போடு" என்றாள் ஹில்க்கா. அவள் கை தூக்கியிருந்ததை அப்போதுதான் எல்லோரும் கவனித்தார்கள்.

"ஆயுள் புள்ளியா?"

"அதைத் தவிர வேற இருக்கா?"

"பால்கனிப் புள்ளி இருக்கு."

"அதையும் போடு."

பென்த்தி எழுதினார். எழுதிவிட்டு யோசித்தார். "சங்கத்துலயே பால்கனிலேர்ந்து இதைப் பாத்தது நீ ஒருத்திதான்" என்றார், கொஞ்சம் கசப்போடு. பதினோரு கதையும் அந்த நிமிஷத்தில் அவருக்கு மங்கிப்போயிருக்க வேண்டும்.

அறைக்குத் திரும்பும் வழியில் வெய்யோ கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "காலு என்ன நிறம்?"

"வெளிர் ரோஜா."

ஆடுகிற கல்லைத் தாண்டினார்கள்.

"அலகு?"

"அதுவும் அப்படித்தான். அடியில மட்டும் கறுப்பு. என்னைப் பாத்து ஏதோ சொல்லிச்சு."

அவளோடு வாழ்ந்த நாற்பது வருஷத்தில் பறவையைப் பற்றி அவர்கள் பேசிய மிக நீளமான பேச்சு அது.

மறுநாள் காலை வெய்யோ கண் விழித்தபோது பால்கனி நாற்காலியில் ஹில்க்கா உட்கார்ந்திருந்தாள், மழைக்கோட்டோடு. அவருடைய பைனாகுலர் அவள் கழுத்தில் இருந்தது.

"நேத்து ஒரு நாளுக்குத்தான் மடிச்சு வச்சேன்" என்றாள். "இன்னிக்கு வாக்கு வாக்குதான். பால்கனிக்கு வெளில பாக்கக் கூடாது."

"பால்கனில ஒரு நாற்காலிதான் இருக்கு."

"ஆமா" என்றாள் ஹில்க்கா.

அவர் கீழே போய், எதிரே காபிக் கடையில், அவள் இடத்தில் உட்கார்ந்தார். குறுக்கெழுத்துப் புத்தகத்தைப் பிரித்தார். அவள் பாதியில் விட்டிருந்த பக்கம். கொஞ்சநேரம் கழித்து, ராத்திரியில் கொஞ்சம் இளகியிருந்த கழுத்தை முடிந்த அளவுக்கு நிமிர்த்தி மூன்றாவது மாடியைப் பார்த்தார். பைனாகுலர் அவர் பக்கம் திரும்பியிருந்தது. நேராக அவரை இல்லை. அவர் தலைக்குச் சற்று மேலே, காபிக் கடையின் கூரையை. நெடுநேரம் அசையாமல் நின்றது. பிறகு இறங்கியது. ஹில்க்கா நோட்டைப் பிரித்து ஏதோ எழுதினாள்.

ஸ்ட்ராதிஸ் சலூன் வாசலுக்கு வந்து சோம்பல் முறித்தார். காபிக் கடைக் கூரையைப் பார்த்தார். கைகள் பாதியில் நின்றன.

"அடேங்கப்பா" என்றார். "வெய்யோ ஐயா, உங்க தலைக்கு மேல..."

வெய்யோ பென்சில் பிடித்த கையை உயர்த்தினார்.

"சொல்லாதீங்க" என்றார்.